மருந்துச் சாடியும் வரவேற்பறையும்

இத்தாலியில் செய்யப்பட்ட பழைய சாடி ஒன்றை வரவேற்பறையில் வைக்க விரும்புபவர், நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால், அதற்குள் ஒரு காலத்தில் என்ன இருந்தது என்று கேட்டுவிடுவது நல்லது. மருந்தா, எண்ணெயா, திராட்சை மதுவா, அல்லது எதுவுமே இல்லாமல் முதல் நாளிலிருந்தே காட்சிக்காகச் செய்யப்பட்டதா என்பது தெரிந்துவிட்டால், அதை எந்த உயரத்தில் வைப்பது, எந்தப் பக்கத்தை முன்னால் திருப்புவது, விற்பவர் சொல்லும் வயதை நம்பலாமா என்பவற்றிற்கெல்லாம் பாதி விடை கிடைத்துவிடும். சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்த சில வீடுகளில் நல்ல கலங்கள் கண்ணாடி அலமாரிக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, மேலிருந்து விளக்கொளி பாய்ச்சப்பட்டு, ஒன்றும் கண்ணில் நிற்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவர்களின் இரசனையில் குறை இல்லை. ஒவ்வொரு கலமும் எந்த வேலைக்காக அந்த வடிவத்தைப் பெற்றது என்பதை அந்த அலமாரி மறைத்துவிடுகிறது.

நம்முடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளைப் போன்ற அளவான இடங்களுக்கு மிகவும் பொருந்துவது அல்பரெல்லோ என்ற மருந்துச் சாடி என்பது என் கருத்து. உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கி, மேலும் கீழும் விரிந்திருக்கும் இந்த வடிவம் சிரியா, எகிப்து ஆகிய நாடுகளின் குயவர்களிடமிருந்து ஸ்பெயின் வழியாகவும் வணிகக் கப்பல்கள் வழியாகவும் இத்தாலிக்கு வந்தது. 15ஆம் நூற்றாண்டில் அங்குள்ள மருந்தகங்கள் அனைத்திலும் பரவியது. அந்த இடை ஒடுக்கம் அழகுக்காக வந்ததன்று. மருந்தகத்தின் நீண்ட தட்டுகளில் சாடிகள் ஒன்றை ஒன்று உரசும்படி வரிசையாக நின்றபோது, பக்கத்தில் இருப்பதைத் தள்ளாமல் விரல்களை நுழைத்து வேண்டிய சாடியை மட்டும் எடுப்பதற்கு அந்த ஒடுக்கம் உதவியது. வாயின் விளிம்பு வெளிப்புறமாக மடிந்திருக்கும். பெரும்பாலான சாடிகளுக்கு மூடி கிடையாது. தோல்தாளையோ துணியையோ வாயின்மேல் விரித்து, விளிம்புக்குக் கீழே கயிற்றைச் சுற்றி இறுக்கினார்கள். ஊறுகாய்ச் சாடிக்கு வேடு கட்டும் வழக்கம் உள்ள வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த விளிம்பின் பயனை விளக்க வேண்டியதில்லை.

லேகியம், களிம்பு, உலர்ந்த வேர், பொடி ஆகியவை இந்தச் சாடிகளில் இருந்தன. பாகு, எண்ணெய் போன்ற நீர்மங்களுக்குக் கைப்பிடியும் மூக்கும் வைத்த உருண்டை வயிற்றுச் சாடிகள் தனியாகச் செய்யப்பட்டன. உள்ளே இருப்பதன் பெயர், பெரும்பாலும் சுருக்கிய இலத்தீனில், சாடியின் முன்புறத்தில் ஒரு சுருள் பட்டையின்மேல் எழுதிச் சுடப்பட்டது. மடாலயங்களும் மருத்துவமனைகளும் இவற்றைத் தொகுதி தொகுதியாக ஒரே பட்டறையில் செய்யச் சொல்லி வாங்கின. உர்பினோவில் செய்யப்பட்ட அப்படிப்பட்ட பெருந்தொகுதி ஒன்று லொரெட்டோ திருத்தலத்தில் இன்றும் இருக்கிறது. அப்ருட்ஸோ மலைப்பகுதியின் காஸ்தெல்லி என்ற சிற்றூரில் 16ஆம் நூற்றாண்டில் உருவான மற்றொரு தொகுதி ஒர்சினி–கொலொன்னா சாடிகள் என்று பெயர் பெற்றிருக்கிறது; அவற்றுள் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் உள்ள ஒன்றில், ஒர்சினி குடும்பத்தின் அடையாளமான கரடி, கொலொன்னா குடும்பத்தின் அடையாளமான தூணைக் கட்டித் தழுவிக்கொண்டு நிற்கிறது. நெடுநாள் பகைகொண்டிருந்த இரண்டு உரோமைக் குடும்பங்களின் சமரசத்தை ஒரு மருந்துச் சாடியின் வயிற்றில் வரைந்த ஓவியரின் குறும்பை நான் மிகவும் இரசிக்கிறேன்.

தட்டில் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை என்பதால் இவற்றுள் பலவற்றின் பின்புறம் எளிமையாக, சில வேளைகளில் ஓரிரு இலைக்கோடுகளோடு மட்டும் விடப்பட்டிருக்கும். ஆகவே இவை சுவரை ஒட்டி, கண்மட்டத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே, எழுத்துப் பட்டை நேராக நம்மைப் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டியவை. சோபாவுக்கு நடுவில் உள்ள தாழ்ந்த மேசையில் வைத்தால், மேலிருந்து சாடியின் வாயும் உள்ளிருட்டும் மட்டுமே தெரியும். ஆழம் குறைந்த தட்டு ஒன்று, அதில் ஒரு சாடி, இருபுறமும் ஒரு முழத்திற்குக் குறையாத வெற்றிடம்: இதற்குமேல் எந்த அலங்காரமும் அதற்குத் தேவைப்படாது. தொகுதியாகச் செய்யப்பட்டது என்பதற்காக நாமும் தொகுதியாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது ஒன்று வாங்குவதாக இருந்தால், உயரம் வேறுபட்டாலும் ஒரே குடும்பத்து வண்ணங்களில் இருப்பது நல்லது.

வண்ணங்களைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கலங்கள் செய்யப்பட்ட முறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மயோலிக்கா என்று பொதுவாக அழைக்கப்படும் இந்த வகை, பீங்கான் அன்று, சாதாரணக் களிமண்ணே. வனைந்து உலர்த்திய கலத்தை ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு முறை சுட்டு, பிறகு ஈயமும் வெள்ளீய ஆக்சைடும் கலந்த நீர்த்த குழம்பில் தோய்த்து எடுப்பார்கள். வெள்ளீயம்தான் அந்தப் பூச்சை ஒளி ஊடுருவாத பால்வெண்மையாக மாற்றி, அடியில் உள்ள மண்ணின் நிறத்தை மறைக்கிறது. பூச்சு உலர்ந்து மாவுபோல நிற்கும் நிலையிலேயே ஓவியர் தூரிகையை வைக்கிறார். உலர்ந்த பூச்சு ஈரத்தை அந்தக் கணமே உறிஞ்சிக்கொள்வதால் ஒரு கோட்டை அழித்துத் திரும்ப வரைய வழியில்லை. கை தயங்கினால் தயக்கமும் பதிந்துவிடும். நல்ல சாடியில் நாம் காணும் இலைகளின் துள்ளலுக்கும் கோடுகளின் வேகத்திற்கும் இந்தக் கட்டாயம்தான் காரணம். இரண்டாவது சூட்டில் பூச்சு உருகிக் கண்ணாடியாகும்போது வண்ணங்கள் அதனோடு ஒன்றிவிடுகின்றன. ஐந்து நூற்றாண்டு கடந்தும் அவை வெளுக்காமல் இருப்பது அதனால்தான்.

சூளையின் வெப்பத்தைத் தாங்கக்கூடிய நிறங்கள் மிகச் சிலவே: கோபால்ட்டிலிருந்து நீலம், செம்பிலிருந்து பச்சை, ஆண்டிமனியிலிருந்து மஞ்சள், இரும்பிலிருந்து செம்மஞ்சள், மாங்கனீசிலிருந்து கத்தரிப்பூ நிறமும் பழுப்பும். தூய சிவப்பு அரிதாகவே வாய்த்தது. குப்பியோவில் மாயெஸ்த்ரோ ஜோர்ஜோ என்று புகழ்பெற்ற ஜோர்ஜோ அந்த்ரெயொலியின் பட்டறை, புகை மண்டிய சூளையில் மூன்றாவது முறை சுட்டு, மாணிக்கச் சிவப்பாகவும் பொன்னாகவும் மின்னும் மேற்பூச்சை உண்டாக்கியது. பிற ஊர்களில் வரைந்த கலங்கள் கூட அந்த மின்னலுக்காக அங்கே அனுப்பப்பட்டன. தெரூத்தா குயவர்களும் பொன்மின்னல் பூச்சில் பெயர் பெற்றவர்கள். இந்தத் தொழில்நுட்பம் முழுவதையும் காஸ்தெல்துராந்தே ஊரைச் சேர்ந்த சிப்ரியானோ பிக்கொல்பாஸ்ஸோ 16ஆம் நூற்றாண்டின் நடுவில் படங்களோடு எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் படி இப்போது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் உள்ளது. மண் தோண்டுவது முதல் சூளையில் விறகு அடுக்குவது வரை அதில் வரையப்பட்டிருக்கிறது. நம் ஊரில் ஜூரோங் பக்கம் இன்னும் விறகு போட்டு எரிக்கப்படும் நாகச் சூளையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

கதைக்காட்சிகள் வரைந்த தட்டுகளையும் பெரிய கூசாக்களையும் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உர்பினோவின் நிக்கொலா 1520களில் இசபெல்லா தெஸ்தே அம்மையாருக்காக வரைந்த உணவுத் தட்டுகள் அந்தக் கலையின் உச்சம். அவற்றை அவருடைய மகள் எலெயொனோரா, தாயின் நாட்டுப்புற மாளிகையில் பயன்படுவதற்காகச் செய்யச் சொன்னார். இன்று அவை பல நாட்டு அரும்பொருளகங்களில் சிதறிக் கிடக்கின்றன. வீட்டில் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. பின்னாளில் வந்த போலிகளில் மிக மோசமானவையும் இந்த வகையில்தான் உள்ளன. முகங்களைப் பார்த்தாலே போதும்.

நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடியவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பழைய மறுமலர்ச்சிக் காலப் பாணியைப் பின்பற்றிச் செய்யப்பட்ட கலங்கள். இத்தாலி ஒரே நாடாக இணைந்த காலத்தில் பழைய பெருமையை மீட்கும் ஆர்வம் எழுந்தது. ஐரோப்பிய அரும்பொருளகங்களும் செல்வர்களும் மயோலிக்காவைத் தேடித் தேடி வாங்கினார்கள். கிடைக்காதவர்களுக்காகப் பட்டறைகள் மீண்டும் செய்தன. ஃபுளோரன்சில் உலீஸ்ஸே கான்தகாள்ளி 1878இல் தம் குடும்பப் பட்டறையைப் பொறுப்பேற்று, பழைய சாடிகளையும் கூசாக்களையும் மிகுந்த திறமையோடு திரும்பச் செய்தார். அடியில் சேவல் ஒன்றை வரைந்து, இது தம்முடையது என்று ஒளிக்காமல் சொன்னார். அதே ஃபுளோரன்சுக்கு அருகில், 1735இல் கார்லோ ஜினோரி பீங்கானுக்காகத் தொடங்கிய தோச்சா தொழிற்கூடமும் 19ஆம் நூற்றாண்டில் மறுமலர்ச்சிப் பாணி மயோலிக்கா செய்தது. தாம் எந்தக் காலத்தவை என்று நேர்மையாகச் சொல்லும் இந்தக் கலங்களை, சந்தேகத்திற்கு இடமான "16ஆம் நூற்றாண்டு" சாடியைக் காட்டிலும் நான் உயர்வாக மதிக்கிறேன். நூறு ஆண்டைக் கடந்தவை என்பதால் பழம்பொருள் என்ற பெயருக்கும் இவை உரியவையே.

வயதைச் சரிபார்க்கப் பெரிய கல்வி தேவையில்லை, பொறுமை தேவை. அடியைத் திருப்பிப் பார்க்கும்போது "இத்தாலி" என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால், அந்தக் கலம் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்கா அந்த ஆண்டு முதல் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்ததால் ஏற்றுமதிப் பட்டறைகள் அப்படிக் குறிக்கத் தொடங்கின. அந்தச் சொல்லோடு உள்ள சாடியை 17ஆம் நூற்றாண்டினது என்று விற்பவரிடம் வாதாட வேண்டியதில்லை. நன்றி கூறிவிட்டு வந்துவிடலாம். உண்மையான பழைய கலத்தின் விளிம்பில் பூச்சு சில இடங்களில் உதிர்ந்து, வெளிர்மஞ்சளாகவோ செம்மையாகவோ மண் தெரியும். கை படும் இடங்களிலும் தட்டில் உரசும் அடியிலும் தேய்மானம் இருக்கும். தேய்வதற்கு வாய்ப்பே இல்லாத இடங்களில் இருக்காது. எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் யாரோ உப்புத்தாளை வைத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் முழுக்கலம் ஓரளவு தெளிந்த ஒலி தரும்; உள்விரிசல் உள்ளதும் ஒட்டப்பட்டதும் மந்தமாக ஒலிக்கும். இருட்டில் சிறிய புறஊதா விளக்கைக் காட்டினால், பிற்காலத்தில் பூசிய வண்ணமும் பிசினும் பெரும்பாலும் சுற்றியுள்ள பூச்சிலிருந்து வேறான நிறத்தில் ஒளிரும். பழுதுபார்த்தது என்பதற்காக ஒரு சாடியை ஒதுக்க வேண்டியதில்லை. பழுதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம். விளிம்பு உடைந்த நல்ல சாடி, முழுமையான மட்டமான சாடியைவிட எவ்வளவோ மேல்.

என் வீட்டுச் சாடியைக் கண்ட அத்தை, "சும்மாதானே இருக்கு, மாங்காய் ஊறுகாய் போட்டு வைக்கலாமே" என்றார். அவர் கேட்டது நியாயமே என்றாலும் செய்யக்கூடாத செயல் அது. அந்தக் காலப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கிறது. புளிப்பும் காடியும் அதைக் கரைத்து உணவில் சேர்க்கும். பூச்சு உதிர்ந்த இடங்களில் மண் நுண்துளை உடையது, உப்பையும் எண்ணெயையும் உறிஞ்சிப் பிறகு பூச்சைப் பொரிய வைக்கும். உணவுக்கும் நீருக்கும் இவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

உரோமைப் பேரரசுக்கு முன் நடு இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் கலங்களைப் பற்றிய ஆசை பலருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. கிறித்துவுக்கு முன் 7ஆம் நூற்றாண்டில் செர்வெத்தேரி வட்டாரத்தில் உருவான புக்கெரோ என்ற கருங்கலங்கள், மண்ணில் இருந்த இரும்பு, காற்று அடைபட்ட சூளையில் கருத்ததால் உள்ளும் புறமும் முழுக் கருமையாகி, தேய்த்து மெருகிட்டதால் உலோகம்போல மின்னுகின்றன. இவை கிடைத்த கல்லறைகளில்தான் கிரேக்க நாட்டிலிருந்து இறக்குமதியான ஓவியக் கலங்களும் ஏராளமாகக் கிடைத்தன. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இத்தாலியின் 1909ஆம் ஆண்டுச் சட்டம் முதல், மண்ணிலிருந்து எடுக்கப்படும் தொல்பொருள் அரசின் உடைமை. 1971இல் செர்வெத்தேரியில் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்ட, பண்டைக் கிரேக்க ஓவியர் எவுஃப்ரோனியோசின் பெருங்கலத்தை, நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகம் 1972இல் பத்து இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. நீண்ட வழக்காடலுக்கும் பேச்சுக்கும் பிறகு 2008இல் அது இத்தாலிக்குத் திரும்பியது. பெரிய அரும்பொருளகத்திற்கே அந்த நிலை என்றால், இணையத்தில் "பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து" என்ற ஒற்றை வரியை நம்பிக் கல்லறைப் பொருளை வாங்குபவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். தோண்டியவர்கள் கல்லறையைக் குலைத்துவிடுவதால், அந்தக் கலம் யாரோடு, எதற்காகப் புதைக்கப்பட்டது என்ற செய்தியும் என்றென்றைக்கும் அழிந்துபோகிறது. அத்தகைய கலத்தை அலங்காரமாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வடிவம்தான் வேண்டும் என்றால், இத்தாலியக் குயவர்கள் இன்று செய்யும் புக்கெரோ மறுபடிகள் நன்றாகவே இருக்கின்றன.

இதே காரணத்தால் எனக்கு அரிக்கமேடு முக்கியமான ஊர். 1945இல் தொல்லியலாளர் மோர்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகில் அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெட்ஸோ வகைச் சிவப்பு மெருகுக் கலங்களின் ஓடுகள், குயவர் முத்திரையோடு அங்கே கிடைத்தன. மது வந்த இருகைப்பிடிச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. முழுக்கலம் அல்ல, ஓடுகள்தான். ஆனால் எந்த அடுக்கில், எதனோடு கிடைத்தன என்பது பதிவானதால், அந்த ஓடுகளைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கையே ஒழுங்குபடுத்த முடிந்தது. ஏலக்கூடத்தில் பல்லாயிரம் வெள்ளிக்குப் போகும் முகவரியற்ற முழுக்கலத்தால் அது முடியாது. தமிழர் வீட்டில் இத்தாலியச் சாடி என்ன பொருத்தம் என்று கேட்பவர்களுக்கும் அரிக்கமேட்டையே காட்டலாம். ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் அது.

கண்ணாடிக்கு வருவோம். தீவிபத்து அச்சத்தால் வெனிஸ் குடியரசு 1291இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஞ்செலோ பரொவியேர், தாவரச் சாம்பலைத் தூய்மைப்படுத்திப் பயன்படுத்தி, நிறமற்ற தெளிந்த கண்ணாடியைச் செய்தார். ஐரோப்பா முழுவதும் அதற்கு மயங்கியது. அந்தத் தூய்மையில் ஒரு தீங்கும் ஒளிந்திருந்தது. சாம்பலின் மாசோடு, கண்ணாடியை நிலைப்படுத்தும் சுண்ணமும் நீங்கிவிட்டதால், அக்காலக் கலங்களுள் சில ஈரக்காற்றில் மெல்ல மெல்ல உப்பைக் கசியவிட்டு, மேற்பரப்பில் வியர்த்து, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களால் மங்கிப்போகின்றன. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில், குளிர்சாதனத்தைப் பகலில் நிறுத்தி இரவில் போடும் வீட்டில், 16, 17ஆம் நூற்றாண்டு வெனிஸ் கண்ணாடியை வைத்திருப்பது அந்தக் கலத்திற்குச் செய்யும் கொடுமை. ஈரப்பதத்தை நிலையாக வைக்கும் பெட்டி இல்லாதவர்கள் அதை அரும்பொருளகங்களுக்கே விட்டுவிடலாம்.

20ஆம் நூற்றாண்டின் முரானோவுக்கு அந்த நோய் இல்லை. நம் வீடுகளின் வெளிச்சம் அதற்கென்றே அமைந்தது. பாவ்லோ வெனினியும் ஜாக்கமோ காப்பெல்லினும் 1921இல் தொடங்கிய பட்டறைக்காக வித்தோரியோ ஜெக்கின், ஓவியர் வெரொனேஸே வரைந்த ஒரு படத்தில் காணப்படும் கண்ணாடிக் குப்பியை அப்படியே மெய்யாக ஊதச் செய்தார். மெல்லிய கழுத்தும் உருண்டை வயிறும் கொண்ட அந்த வடிவத்தில் வேறு அலங்காரமே இல்லை. அதுவே பின்னர் வெனினி நிறுவனத்தின் சின்னமானது. 1930களில் வடிவமைப்பாளர் கார்லோ ஸ்கார்ப்பா அங்கே பணியாற்றிய காலத்துக் கலங்களும், 1940களின் இறுதியில் வெனினி பட்டறை ஃபுல்வியோ பியான்கோனி என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து உருவாக்கிய கைக்குட்டைக் கலமும் இன்று பெருவிலைக்குப் போகின்றன. கைக்குட்டைக் கலத்தை உலகமே நகல் எடுத்திருக்கிறது. ஆகவே முரானோ என்று ஒட்டுத்தாள் இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஒட்டுத்தாள் கலத்தைவிட எளிதில் நகலாகும். முரானோவில் செய்யப்பட்டதற்கு வெனெத்தோ வட்டார அரசு 1994இல் ஒரு வணிகக்குறியை ஏற்படுத்தியது, ஆனால் அது புதிய கலங்களுக்கே பயன்படும். பழையவற்றில் அடிப்பகுதியின் தேய்மானம், ஊதுகோல் ஒடிந்த தழும்பு மெருகிடப்பட்ட விதம், கண்ணாடியின் கனம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் இவற்றைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்.

நம்முடைய அடுக்குமாடி வீடுகளில் சன்னல் பெரும்பாலும் ஒரே பக்கம். காலை வெயில் அல்லது மாலை வெயில், இரண்டில் ஒன்று கிடைக்கும். வண்ணக் கண்ணாடியைச் சன்னலுக்கு நேர் எதிரே வைக்காமல், ஒளி பக்கவாட்டில் நுழையும் இடத்தில் வைத்தால் சுவரில் அதன் நிறம் விழும். மயோலிக்காவுக்கோ நேர்வெளிச்சம் வேண்டாம், பளபளப்பில் ஓவியம் மறைந்துவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை நான் விரும்புவதில்லை. ஒன்று ஒளியை உள்ளே வாங்குகிறது, மற்றது திருப்பி எறிகிறது, நடுவில் கண் தத்தளிக்கிறது. கடைவீடுகளின் பெரநாக்கான் ஓடுகளைப் போன்ற கனத்த பூவேலைப்பாடு உள்ள சுவர் இருந்தால், வெற்று வண்ணக் கண்ணாடியே அதற்குப் பொருத்தம். கப்போதிமோந்தே பாணி என்ற பெயரில் பீங்கான் ரோசாக்கள் மொய்த்த கூசாக்களைப் பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்காமல் இருப்பது நல்லது. 1743இல் நேப்பிள்சில் தொடங்கிய உண்மையான அரச தொழிற்கூடத்தின் மென்மைக்கும், அந்தப் பெயரில் இன்று விற்கும் தூசி சேரும் பூங்கொத்துகளுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

வொல்தேர்ராவின் வெண்சலவைக் கலங்கள், அதாவது அலபாஸ்டர், உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தோன்றுவதால் இங்கே விரும்பி வாங்கப்படுகின்றன. அது ஜிப்சம் வகைக் கல். நீரில் சிறிது சிறிதாகக் கரையும். ஆர்க்கிட் பூவைத் தண்ணீரோடு அதில் வைத்தால் சில மாதங்களில் உட்புறம் சொரசொரப்பாகிவிடும். ஈரத்துணியால் துடைப்பதும் வேண்டாம். இம்ப்ருநெத்தாவின் பெரிய சுடுமண் எண்ணெய்ச் சாடிகள் அழகானவை, ஆனால் அவற்றின் எடையும் அளவும் தோட்டத்திற்கு உரியவை. பொதுத் தாழ்வாரத்தில் வைத்தால் அண்டைவீட்டாருக்கு இடைஞ்சல், நகர மன்றத்திலிருந்து கடிதமும் வரும்.

பூவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. இந்த ஊரில் வீட்டுக்குள் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடங்களுள் பூச்சாடியும் ஒன்று என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லி வருகிறது. சோதனைக்கு வரும் அதிகாரிக்கு அது உர்பினோவா, உட்லண்ட்சா என்பதில் அக்கறை இல்லை. பழங்கலத்தில் பூ வைத்தே ஆக வேண்டும் என்றால், உள்ளே நிற்கும் அளவில் ஒரு கண்ணாடிக் குழாயை இறக்கி, அதில் மட்டும் நீர் ஊற்றி, இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றலாம். உலர்ந்த நாணலோ தாமரைக் காயோ வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை. பண்டிகை நாளில் மட்டும் பூ, மற்ற நாளில் வெறுமை என்பதே எங்கள் வீட்டு வழக்கம்.

காற்று பலமாக வீசும் உயர்மாடிகளில் உயரமான ஒல்லிக் கலம் தானே விழுந்துவிடும். அரும்பொருளகங்களில் பயன்படுத்தும் மெழுகுப் பசையை அடிவளையத்தில் சிறு உருண்டைகளாக வைத்து அழுத்தினால் போதும். எடுக்கும்போது மெல்லத் திருகி எடுக்க வேண்டும், இழுக்கக்கூடாது. உள்ளே உலர்ந்த மணல் நிரப்பிய துணிப்பையை வைப்பது பழைய முறை, அதுவும் நல்லதே. தூசிக்கு மென்தூரிகை, பொன்பூச்சோ உதிரும் பூச்சோ உள்ள கலத்தில் துணி நூல் சிக்கி இழுக்கும். எடுக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல், ஒரு கை அடியிலும் ஒரு கை வயிற்றிலும் இருக்கட்டும்; பழைய கலங்களில் முதலில் ஒட்டுவிட்டு வருவது கைப்பிடிதான். வீட்டில் வேலைக்கு உதவும் பெண்ணிடம் இதை ஒரு முறை செய்து காட்டிவிட்டால், அவரும் அச்சமின்றி வேலை செய்வார்.

சுங்கை சாலைச் சந்தை 2017இல் மூடப்பட்டபின் தெருவோரத்தில் அதிர்ஷ்டம் பார்க்கும் இன்பம் போய்விட்டது. டெம்சி ஹில் கடைகளில் ஆசியப் பொருள்களே அதிகம், இத்தாலியக் கலம் எப்போதாவது ஒன்று வரும். ஆகவே பெரும்பாலோர் இத்தாலியிலோ இலண்டனிலோ நடக்கும் ஏலங்களில் இணையம் வழியாக வாங்குகிறார்கள். சுத்தியல் விலையோடு ஏலக்கூடத்தின் வாங்குநர் கட்டணம், கப்பல் அல்லது விமானக் கூலி, காப்பீடு, இங்கே 9 விழுக்காடு பொருள் சேவை வரி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகே கையை உயர்த்த வேண்டும். இத்தாலிக்குள்ளிருந்து வாங்கினால், 70 ஆண்டுக்கு மேற்பட்ட கலங்கள் நாட்டை விட்டு வெளியேறும்போது அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சின் ஏற்றுமதி அலுவலகத்திற்குரிய ஆவணம் தேவைப்படும்; அதை விற்பவரே பெற்றுத் தருகிறாரா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடிப்பகுதி, வாயின் உட்புறம், கைப்பிடி சேரும் இடம் ஆகியவற்றின் படங்களைப் பணம் கட்டுமுன் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். வந்த பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொண்டால், காப்பீட்டுக் கோரிக்கைக்கு அதுவே சான்று. பற்றுச்சீட்டு, ஏலப் பட்டியலின் பக்கம், ஏற்றுமதி ஆவணம், பழுதுபார்ப்புக் குறிப்பு ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்து, அதன் படியை மின்னஞ்சலிலும் சேமித்துவிடுங்கள். பிற்காலத்தில் விற்பதானாலும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதானாலும், அந்தக் கோப்பு இல்லாமல் கலத்தை மட்டும் கொடுக்க வேண்டாம்.